பாட்டிலில் இருக்கிற படம்

பஸ்ஸில் ஏறினதிலிருந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். என் முகத்தைப் பார்க்கிறே, மடியில இருக்கிற கூடையைப் பார்க்கிறே, திரும்பவும் என் முகத்தைப் பார்க்கிறே. சந்தேகமே வேண்டாம் தாயி. உன் கூடையில பூவுக்கும் தேங்காய்க்கும் நடுவுல நிக்குதே எண்ணெய்ப் பாட்டில், அதுல கண்ணை மூடிக் கைகூப்பி நிக்கிறது நான்தான். உலகம்மாள் தீப எண்ணெய். அந்த உலகம்மாள் நான்தான்.

நீயும் கரையடி அம்மன் கோயிலுக்குத்தானே? நல்லது. நானும் அங்கேதான். வெள்ளிக்கிழமை தவறாமல் போவேன். கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளிக்கோ, என் பை உன் காலில் இடிக்கும். கனமான பைதான். இருக்கட்டும், நானே மடியில வச்சுக்கிறேன்.

அது என் பெரிய பையன் வேலாயுதத்தோட கம்பெனி. பைபாஸ் ரோட்டில் பெரிய போர்டு போட்டிருக்கான், பார்த்திருப்பே. பேர் வைக்கும்போது அவன் பெண்டாட்டி என்னென்னவோ சொன்னாள். லட்சுமி என்றாள், ஜோதி என்றாள். இவன் கேட்கலை. "எங்கம்மா பேர்தான், எங்கம்மா படம்தான்" என்று ஒரே பிடியா நின்னுட்டான். பெற்ற தாயைப் பாட்டிலில் போட்டு ஊர் ஊராக் கும்பிட வைக்கிற பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? படம் எடுக்கும்போது ஒரு பட்டுச்சேலை கொடுத்தாங்க. எனக்கு இல்லை, கட்டிக் கழற்றிக் கொடுக்கிற சேலை. "கண்ணை மூடி சாமி கும்பிடுற மாதிரி நில்லுங்கம்மா" என்றான் படம் எடுக்கிறவன். எதிரில் சாமி இல்லை, வெள்ளைத் துணிதான் தொங்கினது. மாதிரிக்குக் கும்பிட எனக்கு வரலை. நிஜமாவே கும்பிட்டேன். ரெண்டு பிள்ளைகளும் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். நீ அந்தப் படத்தில் பார்க்கிறது நிஜமான வேண்டுதல்.

என்ன, மூக்கைச் சுருக்குறே? நாத்தம் வருதா? வெட்கப்படாமல் சொல்லு, எனக்கே தெரியும். என் சேலையிலிருந்துதான் வருது. கொல்லையில் காயப்போடுறேன் இல்லையா, அந்தக் காற்று ஏறிப்போச்சு. எத்தனை அலசினாலும் போக மாட்டேங்குது. இது என் சின்னப் பையன் உபயம்.

அவன் பேர் கோமதிநாயகம். கெமிஸ்ட்ரி படிச்சான். சென்னையில நல்ல கம்பெனியில இருந்தான். திடீர்னு ஒருநாள் பெட்டியோட வந்து, "அம்மா, பின்னால மாட்டுக் கொட்டகை சும்மாதானே கிடக்கு" என்றான். நான் வாய் நிறையச் சிரிச்சுக்கிட்டு, "ஆமாய்யா, எடுத்துக்கோ" என்று சொன்னேன். மாடு கட்டப் போறான்னு நினைச்சேன். எடுத்தது எதுக்கு? டீக்கடையில பஜ்ஜி சுட்டுச் சுட்டுக் கறுத்த எண்ணெயைத் தகர டின்னில் வாங்கி வந்து வைக்கிறதுக்கு. அதிலிருந்து பஸ் ஓட்டுற டீசல் செய்யப் போறானாம். எண்ணெயைக் காய்ச்சி, அதில் சோப்புக்குப் போடுற காஸ்டிக் காரத்தையும் ஒரு ஸ்பிரிட்டையும் சேர்த்துக் கலக்கினா, அடியில பிசுபிசுன்னு ஒரு கசண்டு தங்கும், மேலே மஞ்சளா டீசல் நிக்கும். அவன் சொல்ல நான் கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிப்போச்சு. நான் எட்டாம் வகுப்பு.

அந்தக் கசண்டைப் பார்த்திருக்கியா? பார்க்க வேண்டாம். சளி பிடிச்சவன் காலையில துப்புற மாதிரி இருக்கும். நான் அந்தக் கொட்டகைப் பக்கம் போனாலே முந்தானையை மூக்கில் வச்சுக்குவேன். திரும்பி வந்ததும் பல் துலக்குவேன். அப்புறம்தான் விளக்கு ஏத்துவேன்.

டீக்கடை எண்ணெய் எவ்வளவு கிடைக்கும்? ஊரில இருக்கிற கல்லூரி பஸ்ஸுக்கெல்லாம் இவன் டீசலைக் கலந்து போடுறதாப் பேச்சு. காலேஜ்ல வண்டிகளைப் பார்த்துக்கிற சார் நல்ல மனுஷர், வீட்டுக்கே வந்து பார்த்தார். "தம்பி, லேப்ல கொடுத்துத் தரச் சான்று வாங்கிட்டு வா. காலேஜ் திறக்கிறதுக்குள்ள வாங்கிட்டா எல்லா வண்டிக்கும் உன்கிட்டதான். இல்லாட்டி நான் வேற ஆளைப் பார்க்கணும்" என்றார். சின்னவனுக்கு அதுதான் உயிர். சென்னை வேலையை விட்டதுக்கு அண்ணன்காரன் பேசின பேச்சுக்கெல்லாம் பதில் அந்தச் சான்றுதான்னு இருந்தான்.

நிறைய எண்ணெய் வேணும். எங்கே போவான்? கோயிலுக்குப் போனான்.

கரையடி அம்மன் கோயில்ல விளக்கு வரிசை பார்த்திருக்கே இல்லையா. ஜனங்க ஊத்துற எண்ணெயில எரியிறது கொஞ்சம், வழியிறது மிச்சம். கீழே கல் தொட்டியில நிரம்பும். அதை வாரிக் கொட்ட இடமில்லாமல் கோயில்ல தவிச்சுக்கிட்டிருந்தாங்க. இவன் போய்க் கேட்டதும், "புண்ணியமாப் போகும், எடுத்துக்கோ" என்று டிரம் டிரம்மாக் கொடுத்துட்டாங்க.

முதல் டிரம் வந்த அன்னைக்கு மூடியைத் திறந்தான். நான் பக்கத்தில் நிக்கிறேன். ஐயோ தாயி, எப்படிச் சொல்ல. எரிஞ்ச திரி, அழுகின எலுமிச்சம்பழத் தோல், யாரோ தலைமுடி, கற்பூரக் கரி, வயிறு உப்பிச் செத்த கரப்பான், வாலில்லாத ஒரு பல்லி. எல்லாம் ஒண்ணா ஊறி, தார் மாதிரி. கொட்டகைச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தேன். அவன் கையை முழங்கை வரைக்கும் அதுக்குள்ள விட்டுத் திரியைப் பொறுக்குறான்.

"அம்மனுக்கு ஏத்தின எண்ணெய்தானேம்மா, பிரசாதம் மாதிரி" என்று சிரிக்கிறான்.

"பிரசாதம் இப்படியா நாறும்? கையைக் கழுவிட்டு வீட்டுக்குள்ள வா. இல்லாட்டி வராதே" என்றேன். நான் பிள்ளைகளை அதட்டிப் பேசினவளே இல்லை. அன்னைக்கு அவனைப் பார்த்த பார்வை எப்படி இருந்திருக்கும்னு எனக்கே தெரியாது. அவன் சிரிப்பை நிறுத்திட்டான்.

இருந்தாலும் பெற்ற மனசு. அவனுக்கும் நல்லா வரணும்னு வேண்டாமல் இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிஞ்சு பட்டர் கொடுக்கிற மஞ்சள் தீர்த்தத்தைச் செம்பு நிறைய வாங்கி வருவேன். கொட்டகையில அவன் இல்லாத நேரம் பார்த்து, வடிகட்டிக் காய்ச்சி வச்சிருக்கிற எண்ணெய் டிரம்மில் அம்மனை நினைச்சு ஊத்துவேன். தெளிக்கிறதோட விடலை. அபிஷேகம் மாதிரி முழுச் செம்பையும் ஊத்துவேன். ஒவ்வொரு வாரமும்.

அந்த எண்ணெய் டீசல் ஆகலை தாயி. களி மாதிரி திரண்டுபோச்சு. நுரை நுரையா, வழவழன்னு. சின்னவன் தலையில கையை வச்சு உட்கார்ந்துட்டான். காய்ச்சினதைச் சந்தேகப்பட்டான், காரத்தைச் சந்தேகப்பட்டான். கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை நான் செம்போட நிக்கிறதைப் பார்த்துட்டான்.

"அம்மா, என்ன ஊத்துத?"

"தீர்த்தம்யா. உனக்காகத்தான்."

டிரம் மூடியை எடுத்து மூடினான். அப்புறம் மெதுவாச் சொன்னான். "அம்மா, சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாதுன்னுதான் நான் இதை மணிக்கணக்காக் காய்ச்சுதேன். தண்ணி இருந்தா எல்லாம் சோப்பாயிடும். நீ செம்பு செம்பா ஊத்துத."

கோபிச்சிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரெல்லாம் கதையாகிப்போச்சு. அண்ணன்காரன் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. "ஏல கோமதி, அம்மாவையே கம்பெனிக்கு மேனேஜராப் போட்டுருல. டீசல் வராட்டாலும் சோப்பு வரும்" என்று வேலாயுதம் சொல்ல, என் மருமகள் விழுந்து விழுந்து சிரிச்சாள். அம்மன் தீர்த்தத்தை வச்சுச் சிரிக்கிறது எனக்குப் பிடிக்கலை. ஆனால் என்ன செய்ய. நிறுத்திட்டேன். சின்னவன் டிரம்முக்கெல்லாம் பூட்டு போட்டான். சாவியை இடுப்பில் கட்டிக்கிட்டான்.

சரி, இனி நல்லா வரும்னு பார்த்தால், வரலை.

களி ஆகலை, பார்க்க நல்ல மஞ்சளாத்தான் நின்னது. அவன் ஒரு சோதனை வச்சிருப்பான். சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் அந்த ஸ்பிரிட்டை ஊத்தி, அதில் கொஞ்சம் டீசலை விட்டுக் குலுக்குவான். எல்லாம் கரைஞ்சு தெளிவா நின்னால் நல்ல டீசல். அடியில முத்து முத்தா எண்ணெய் இறங்கினால் இன்னும் மாறாத எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். டீக்கடை எண்ணெயில செஞ்சது தெளிவா நிக்கும். கோயில் எண்ணெயில செஞ்சது இறங்கும். மாறலைன்னால் மறுபடியும் காரம் போட்டுக் காய்ச்சுவான். மறுபடியும் இறங்கும். லேப்புக்குக் கொடுத்தான். தரம் பத்தலைன்னு திருப்பிட்டாங்க. வந்து என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"சத்தியமா ஊத்தலைய்யா" என்றேன்.

"தெரியும்மா" என்றான். ஆனால் பூட்டை இழுத்துப் பார்த்தான். நான் பார்த்தேன், அவன் பூட்டை இழுத்துப் பார்த்தான்.

காலேஜ் திறக்கிற நாள் கிட்ட வந்துடுச்சு. சாப்பாடு இறங்கலை அவனுக்கு. நான் அம்மன்கிட்ட போய், காரணத்தைக் காட்டிக் கொடுன்னு அழுதேன். அப்படி வேண்டியிருக்க வேண்டாம்.

மறுநாள் அவன் அடுப்படிக்கு வந்தான். "அம்மா, ரெண்டு தடவை காய்ச்சியும் மாறாத எண்ணெய்னு ஒண்ணு கிடையாது. மாறலைன்னா அது எண்ணெயே இல்லை. கோயில்ல யாரோ மண்ணெண்ணெய் மாதிரி எதையோ கொண்டுவந்து ஊத்துதாங்க. சுத்தமான தீப எண்ணெய் ஒண்ணு குடு, பக்கத்தில வச்சு ஒத்துப் பார்க்குதேன்" என்றான். என் பூஜை அலமாரியில பெரியவன் அனுப்பின பெட்டி இருக்கு. மூடி உடைக்காத புதுப் பாட்டில். நானே எடுத்துக் கொடுத்தேன். சமையலுக்கு வச்சிருந்த செக்கு நல்லெண்ணெயும் ஒரு கரண்டி கேட்டான். அதையும் கொடுத்தேன்.

ரெண்டையும் தனித்தனியாக் காரம் போட்டுக் காய்ச்சினான். செடியில மரத்தில காய்க்கிற எந்த எண்ணெயும் அதில் சோப்பாகிக் கரைஞ்சுடுமாம். பூமியைத் தோண்டி எடுக்கிற எண்ணெய் மட்டும் கரையாதாம். கடைசியில சுடுதண்ணி ஊத்தினான். நல்லெண்ணெய் போட்டது கண்ணாடி மாதிரி தெளிஞ்சு நின்னது. பாட்டில் எண்ணெய் கலங்கினது. கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு படலம் கட்டினது. பாதிக்கு மேல மிதந்தது தாயி. வெள்ளையா, தண்ணி மாதிரி, வாசனை மட்டும் தாழம்பூ.

அவன் பாட்டிலைத் திருப்பி என் படத்தைப் பார்த்தான். படம் உள்பக்கம் திரும்பியிருக்கிற மாதிரி அதை அலமாரியில வச்சான்.

நான் நம்பலை. இப்பவும் நம்பலை. ஒரு பாட்டில் தப்பா இருந்திருக்கும். மிஷின்ல ஓடுறதில் எதுவும் நடக்கலாம். இருந்தாலும் பெரியவன் வீட்டுக்குப் போனப்போ அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். சந்தேகப்பட்டு இல்லை, சும்மா.

"வேலாயுதம், அந்த எண்ணெயில என்னய்யா சேருது?"

"எரியிற எண்ணெய் சேருது. விளக்கு எரியுதா, இல்லையா?"

"எரியுதுய்யா."

"அப்புறம் என்ன? சமையலுக்கு அல்லன்னு பாட்டில்லயே அச்சடிச்சிருக்கு. நான் யாரையும் குடிக்கச் சொல்லலை. இத்தனை வருஷத்தில சாமி வந்து ஏதாவது புகார் குடுத்துச்சா?" என்று சிரிச்சான். அப்புறம் என் தோளைத் தட்டினான். "நிஜ நல்லெண்ணெயை ஊத்தி அந்த விலையைச் சொன்னா உன் படத்தை எவன்மா வாங்குவான்?" கிளம்பும்போது இன்னொரு பெட்டி பாட்டில் காரில் ஏத்திவிட்டான், தெருவில் எல்லாருக்கும் கொடுன்னு. அவ்வளவு தாராள மனசு. காரில் வரும்போது எனக்கு என்னவோ போல இருந்தது. தாழம்பூ வாசனை. கண்ணாடியை இறக்கச் சொன்னேன். வழியில நிறுத்தி வாந்தி எடுத்தேன். ஏ.சி. ஒத்துக்கலை.

சின்னவன் கோயில் எண்ணெயை விட்டுட்டான். காலேஜ் ஆஸ்டல் சமையற்கட்டு எண்ணெய், புங்கங்கொட்டை ஆட்டின எண்ணெய், இப்படி அலைஞ்சு திரிஞ்சு சேர்த்தான். உள்ளே வர்ற ஒவ்வொரு டின்னையும் முதல்ல சோப்பாக் காய்ச்சிப் பார்த்துட்டுதான் எடுக்கிறான். மிதந்தால் திருப்பிக் கொடுத்துடுவான். சான்று வந்துடுச்சு. காலேஜ் பஸ் ஓடுது. அதோ, முன்னால போற மஞ்சள் பஸ் இருக்கே, புகையே இல்லாமல் போகுது பார். அது என் சின்னவன் டீசல். நல்லது நடந்துடுச்சு.

நடுவுல ஒண்ணுதான்.

கோயில்ல கேட்டாங்க. புண்ணியமா எடுத்துக்கிட்டிருந்தே, ஏன் திடீர்னு வேண்டாங்குறேன்னு தர்மகர்த்தா இவனைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். பட்டரும் இருந்தார். அவர் ஏற்கெனவே ஒரு குறை சொல்லிக்கிட்டிருந்தார். "முன்னெல்லாம் ஆடி மாசம் ஒரு தரம் அம்பாள் முகத்தில புகைக்கறை துடைப்பேன். இப்ப வாரா வாரம் துடைக்கேன், துணி கரியா வருது. காலையில காறித் துப்பினா எனக்கும் கரியாத்தான் வருது" என்று கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார். சாம்பிராணியா இருக்கும்னு நான் சொன்னேன்.

தர்மகர்த்தா சின்னவனைப் பார்த்து, "என்னப்பா, எண்ணெயில ஏதும் கோளாறா? இருந்தாச் சொல்லு, ஜனங்க கொண்டுவர்றதை நிறுத்திடுவோம்" என்றார்.

அவன் வாயைத் திறந்தான். நான் முந்திக்கிட்டேன். "கோளாறெல்லாம் ஒண்ணும் இல்லை ஐயா. நான்தான் அறிவில்லாமல் தீர்த்தத்தை ஊத்திக் கெடுத்துட்டேன். எல்லாம் சோப்பாப் போச்சு. அதனால பிள்ளை பயந்துட்டான்" என்றேன். பொய் இல்லையே தாயி. ஊத்தினது நிஜம். சோப்பானதும் நிஜம். தர்மகர்த்தா சிரிச்சார், பட்டர் சிரிச்சார். ஊருக்கே தெரிஞ்ச கதைதானே.

சின்னவன் சிரிக்கலை. என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த டிரம் மூடியைத் திறந்த அன்னைக்கு, கரப்பானும் மயிரும் மிதந்த எண்ணெயில கையை விட்டவனை நான் ஒரு பார்வை பார்த்தேன்னு சொன்னேனே, அப்படிப் பார்த்தான். என்னை. அந்த இடத்தில் அம்மன் நிக்கிறாள், பார்த்துக்கிட்டு.

வெளியே வந்ததும் கேட்டான். "அந்தப் பட்டர் என்னம்மா பண்ணாரு உனக்கு?" அவ்வளவுதான். அண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. எனக்கு ரெண்டும் பிள்ளைகள். ஒருத்தன் வீட்டைக் கட்டுறதுக்கு இன்னொருத்தன் வீட்டை இடிக்க முடியுமா? இவனுக்குத்தான் சான்று கிடைச்சுடுச்சே, இன்னும் என்ன வேணும்? நான் அப்படிச் சொன்னேன். அப்போதிலிருந்து கொட்டகையிலேயேதான் சாப்பாடு. ஆஸ்டல்லயிருந்து எடுத்துக்கிட்டு வர்றான். வேலை அதிகம். வேறொண்ணும் இல்லை, வேலை அதிகம்.

ஒண்ணு சொல்லணும். இப்போ அந்தக் கொட்டகை நாத்தம் எனக்கு முன்ன மாதிரி குமட்டுறதில்லை. பழகிப்போச்சு போல. வீட்டுக்குள்ள பூஜை அலமாரியைத் திறந்தால்தான் குமட்டுது. தாழம்பூ வாசனை எனக்கு ஒத்துக்கலை. வயசாகுது, ஒவ்வொண்ணா ஒத்துக்காமல் போகுது.

கோயில் வந்துடுச்சா? இல்லை, அடுத்த ஸ்டாப். ஆர்ச் தாண்டி நிக்கும்.

இங்கே பார் தாயி, உன் பாட்டிலைக் கொஞ்சம் கொடு. பார்த்தியா, மூடி லூசா இருக்கு. ஒழுகினால் பூவெல்லாம் நாசமாகிடும். இதை நான் வச்சுக்கிறேன். நீ இதை எடுத்துக்கோ. செக்கில் ஆட்டின நல்லெண்ணெய். வியாழக்கிழமையே போய் வாங்கி, சின்னச் சின்னப் பாட்டிலில் ஊத்தி வச்சுக்குவேன். காசா? சீ, அதெல்லாம் வேண்டாம். எண்ணெயில குறை சொல்றேன்னு நினைக்காதே. என் பிள்ளை எண்ணெய் நல்ல எண்ணெய்தான். மூடிதான். போன வாரம் இதே பஸ்ஸில் உன்னை மாதிரி ஒரு பெண், அவள் பாட்டிலிலும் மூடி லூசா இருந்தது. அதுக்கு முந்தின வாரம் ஒரு பெரியவர். எல்லாத்திலயும் மூடிதான் சரியில்லை.

பையை விரிச்சுப் பிடிக்கிறேன், உன் பாட்டிலை உள்ளே வை. இன்னும் இடம் இருக்கு. அந்தா, கோயில் வாசல்ல வேற கையில பாட்டிலோட நிறையப் பேர் நிக்கிறாங்க.

அப்படி இல்லை தாயி. திருப்பி வை. படம் உள்பக்கமா இருக்கட்டும்.